என் பெயரில் கடன், வாங்கியது வீட்டு ஆள்: புகார் கொடுப்பதா, கட்டித் தொலைப்பதா?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

அக்கா வீட்டுக்காரர் என் ஆதாரையும் பான் கார்டையும் வைத்து, தீபாவளிச் சமயத்தில் ஒரு கடன் செயலியில் 1,80,000 ரூபாய் எடுத்திருக்கிறார். வசூல் ஆள் எனக்குப் போன் செய்த பிறகுதான் விஷயமே தெரியும். கேட்டால் "மூணே மாசம் மாப்ள, அடைச்சுடறேன்" என்கிறார். இப்போதைக்கு நீயே ரெண்டு தவணை கட்டி சிபில் கெடாமல் பார்த்துக்கொள், வெளியே தெரிந்தால் அக்காவுக்குத்தான் அசிங்கம் என்று அம்மா சொல்கிறார். புகார் கொடுத்தால் அவர் உள்ளே போய்விடுவாரா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

9 பிப்ரவரி, இரவு

எனக்கு நடந்தது. முதலில் ஒன்று, தவணை கட்டாதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் ஒரு வாரம் கழித்து யோசிக்கலாம், இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் கணக்கிலிருந்து ஒரே ஒரு தவணை போனாலும், பின்னால் "இந்தக் கடனை நான் வாங்கவில்லை" என்று நீங்கள் எழுதும் கடிதத்துக்குப் பதிலாக அந்த ரசீதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாங்காதவர் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. "அக்காவுக்காக" என்பது அவர்களுடைய படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வராது.

தவணை தானாகப் பிடிக்கும்படி உங்கள் வங்கிக் கணக்கில் ஆணை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் கிளைக்குப் போய் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதே நாளில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் போக வேண்டும். நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் வெறும் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள்.

இன்னொன்று கேட்க மறந்தேன். பணம் யார் கணக்கில் விழுந்தது?

10 பிப்ரவரி

உங்கள் கணக்கில்தான் விழுந்தது என்று சொல்கிறீர்கள். எனக்கும் அதேதான். 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி செயலிக் கடன் பணம் கடன் வாங்குபவரின் சொந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும், நடுவில் வேறு ஆள் கணக்கு கூடாது. வெளி ஆள் திருடினால் இந்த விதி நம்மைக் காப்பாற்றும். வீட்டு ஆள் திருடினால் அதே விதி நமக்கு எதிராகத் திரும்பும், ஏனென்றால் அவருக்கு நம் கணக்கும் தெரியும், நம் பின் நம்பரும் தெரியும். உங்கள் கணக்கிலிருந்து அந்தப் பணம் அன்றைக்கே எங்கே போனது என்று பாருங்கள். அந்த வரி இருக்கும் ஸ்டேட்மெண்ட் பக்கத்தை வங்கி முத்திரையோடு வாங்கி வையுங்கள். எனக்குக் கடைசியில் கை கொடுத்தவற்றில் அதுவும் ஒன்று.

10 பிப்ரவரி, பிறகு

என் கதையைக் கேட்டிருந்தார்கள், சொல்கிறேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். அடுத்தவர் கணக்கைப் பைசா விடாமல் பார்ப்பவள் என்பதால் கிண்டல் செய்ய விரும்புபவர்கள் தாராளமாகச் செய்யலாம், ஆபீசில் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள்.

சித்தி பையன் எங்கள் வீட்டில் தங்கித்தான் காலேஜ் படித்தான். அதற்குப் பிறகு ஒரு மொபைல் கடையில் வேலை. வீட்டில் எல்லோருடைய போனுக்கும் அவன்தான் டாக்டர். அம்மாவுக்கு பிரிட்ஜ் வாங்கும்போது என் பெயரில் தவணை போட்டோம், அவன்தான் கூட வந்தான். தவணை முடிந்ததும் கதையும் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அந்த நிறுவனம் ஒழுங்காகக் கட்டியவள் என்று எனக்கு ஒரு வரம்பு ஒதுக்கி வைத்திருந்தது. அந்த வரம்புக்குள் என்ன வாங்கினாலும் புதிதாகக் காகிதம் வேண்டாம், பதிவான கைபேசி எண்ணுக்கு ஓடிபி வந்தால் போதும்.

பதிவான எண் என்னுடைய பழைய எண். புதுப் போன் வாங்கியபோது பழைய போனைச் சிம்மோடு அவனிடம் கொடுத்திருந்தேன். ஆதாரோடு இணைந்திருந்ததும் அந்த எண்தான், பழைய சம்பளக் கணக்கின் யூபிஐயும் அந்தப் போனில்தான். அவன் எதையும் உடைக்கவில்லை, எந்த ஹேக்கிங்கும் செய்யவில்லை. இரண்டு போன் வாங்கினான், பிறகு அதே செயலியில் தனிநபர் கடன் ஒன்று. நிறுவனத்தின் கண்ணுக்கு எல்லாம் நானே செய்தது. எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன, அவன் கையில் இருந்த போனுக்கு.

14 பிப்ரவரி

எப்படித் தெரிந்தது என்று கேட்டவருக்கு: வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில். கடன் பிரிவு அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "மேடம், உங்களுக்கு இன்னும் மூணு லோன் ஓடுது, ஒண்ணு தொண்ணூறு நாள் தாண்டிருச்சு" என்றார். சிஸ்டம் தவறு என்றுதான் நான் சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் போல, அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அன்று இரவு என் கடன் வரலாற்று அறிக்கையை முழுதாக இறக்கிப் படித்தேன். ஸ்கோர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம், அது அதில் ஆகக் குறைவாகப் பயன்படும் விஷயம். கீழே ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும், எத்தனை நாள் பாக்கி என்று. என் பிரிட்ஜ் கடனில் வரிசையாகப் பூஜ்யம். அதற்குக் கீழே இருந்ததில் பூஜ்யம், பூஜ்யம், பிறகு முப்பதுக்கு மேல், அறுபதுக்கு மேல் என்று ஏறிக்கொண்டே போனது. இன்னும் கீழே, எந்தெந்தத் தேதியில் யார் யார் என் அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள் என்ற பட்டியல். அதற்கும் மேலே, முகவரிப் பகுதியில், எங்கள் வீட்டு விலாசத்துக்கு அடுத்ததாகக் கோவையில் ஒரு விலாசம். பீளமேட்டில் அவன் நண்பர்களோடு எடுத்திருந்த அறை. பொங்கலுக்கு முறுக்கு கொடுக்க நானே போயிருக்கிறேன். யார் என்று அங்கேதான் உறுதியானது.

நம் நாட்டில் நான்கு நிறுவனங்கள் இந்த அறிக்கையை வைத்திருக்கின்றன: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். சிபிலில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம்.

16 பிப்ரவரி

"ஓடிபியைக் கொடுத்தது நீங்கள்தானே, உங்கள் தப்புதான்" என்று ஒருவர். சரி. நம் வீடுகளில் பீரோ சாவி எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காக நகையை எடுத்தவன் திருடன் இல்லை என்று ஆகிவிடாது.

21 பிப்ரவரி

வீட்டில் என்ன நடந்தது என்று எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். பணத்தைவிட அதுதான் பெரிய விஷயம்.

நான் அவனை நேரில் கேட்டபோது மறுக்கவில்லை. "உன்கிட்ட கேட்டா குடுத்திருப்ப, கேக்க வெக்கமா இருந்துச்சுக்கா" என்றான். இன்றுவரை எனக்கு எரிச்சல் வருவது இந்த வாக்கியத்தில்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்பது உண்மை. அதனால்தான் அது என்னை ஒன்றும் சொல்ல விடாமல் செய்தது. ஆன்லைன் விளையாட்டில் விட்டிருக்கிறான், அதை மீட்க இன்னொன்று, அதை மூட மூன்றாவது.

சித்தி வந்து அழுதார். "கண்ணு, அவன் உன் மடியில வளந்தவன், போலீசு கீலீசுன்னு போயிறாத." பெரியப்பா பஞ்சாயத்து பேசினார். அவர் முடிவு: அவன் மாதாமாதம் என்னிடம் கொடுப்பான், நான் கட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் அர்த்தம், காகிதத்தில் கடன்காரி நானாகவே இருப்பேன், அவன் ஒரு மாதம் தவறினாலும் விழுவது என் பெயர், அவனுக்கு என்னிடம் ஒரு கைமாத்து, அவ்வளவுதான். நடந்த திருட்டு குடும்பக் கணக்கு வழக்காக மாறிவிடும். நான் அங்கே ஒன்று சொன்னேன், இன்றைக்கும் அதில்தான் நிற்கிறேன்: பணத்தை நான் மன்னிக்கலாம், என் தலையில் போட்டுக்கொள்ளக்கூடச் செய்யலாம், ஆனால் "இதை வாங்கியது நான்" என்று ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன். பெரியப்பாவுக்கு இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. பத்து ரூபாய் வட்டிக்குக் கையெழுத்தே இல்லாமல் கொடுத்து வாங்கிய தலைமுறை, அவரைக் குறை சொல்ல முடியாது.

22 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் எழுதியிருந்த "உள்ளே போய்விடுவாரா" என்பதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, எனக்கு வக்கீல் விளக்கியதைச் சொல்கிறேன். அடுத்தவர் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி. மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம், ஆனால் ஜாமீனில் விடக்கூடியது. நீதிமன்றம் வழியாகச் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம். ஆகவே புகார் கொடுத்த அன்றே அக்கா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

24 பிப்ரவரி

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு வழக்கறிஞர் தனியாக எழுதிச் சொன்னது: 66சி மட்டும் போட்டால் நான் சொன்னது சரி, கூடவே மோசடி செய்து பணம் பெற்ற பிரிவையும் சேர்த்தால் நிலைமை வேறு. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்தவற்றுக்கு அது புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), பழைய சட்டத்தில் 420. ஏழு வருடம் வரை போகும், ஜாமீனும் அவ்வளவு சுலபமில்லை. உங்கள் மாமா விஷயம் தீபாவளிக்கு என்பதால் புதுச் சட்டம்தான். எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்வது நாம் இல்லை, ஸ்டேஷன். எனவே போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போங்கள்.

இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இதில் பணத்தை ஏமாந்தது கடன் கொடுத்த நிறுவனம், நீங்கள் இல்லை, உங்கள் பெயர் அதற்குக் கருவி, அவ்வளவுதான் என்றார். ஆனால் ஏமாந்தவர் ஏசி அறையில் இருந்துகொண்டு கருவிக்குத்தான் தினமும் போன் போடுகிறார்.

3 மார்ச்

வசூல் போன் பற்றிப் பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு வந்ததில் ஒரு பெண், "ஐபோன் வெச்சிருக்கீங்க, ஆயிரத்து சொச்சம் கட்ட முடியலையா மேடம்?" என்றார். அப்போது என் கையில் இருந்தது டிஸ்பிளே உடைந்து டேப் ஒட்டிய போன். போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று கேட்டேன். அதற்குக் கூட டிக்கெட் எண் கொடுத்தார்.

3 மார்ச், மறுபடி

ஸ்டேஷன் அனுபவம். முதலில் போன இடத்தில் எஸ்ஐ கேட்டுவிட்டு, "இன்ஸ்பெக்டர் வரட்டும்மா" என்று உட்கார வைத்தார். தட்டிக் கழிக்கிறார் என்று எனக்குக் கோபம். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறைந்தவர் இதை விசாரிக்கக் கூடாதாம். பாவம், அவர் சொன்னது சரிதான். இன்ஸ்பெக்டர்தான் உண்மையில் தட்டிக் கழித்தார். "சிம்மக் குடுத்தது நீங்க, தம்பி உங்க தம்பி, உக்காந்து பேசி முடிங்க" என்றார். அதன் பிறகு சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் பேசி, இணையத்திலும் புகாரைப் பதிந்துவிட்டு, மாநகர சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள்.

சிஎஸ்ஆர் எப்ஐஆர் ஆகாது. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. ஆனால் அந்தத் துண்டுக் காகிதத்தை இணைத்து அனுப்பிய பிறகுதான் நிறுவனத்தின் மின்னஞ்சல்களில் "அன்பான வாடிக்கையாளரே" நின்று, பெயர் போட்டு ஒரு மனிதர் எழுத ஆரம்பித்தார். அதுவரை வந்த எல்லாப் பதிலும் ஒரே வரிதான்: ஓடிபி உங்கள் எண்ணுக்கு அனுப்பப்பட்டுச் சரிபார்க்கப்பட்டுள்ளது.

11 மார்ச்

எப்படி முடிந்தது? பாதிதான் நான் நினைத்தபடி. இரண்டு போன் கடன்களில், கடை பில்லில் இருந்த ஐஎம்இஐ எண்களை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து, அந்தப் போன்களில் என் எண் ஒருநாளும் ஓடவில்லை என்று போலீஸ் பார்த்துச் சொன்னார்கள். நிறுவனம் அவற்றை என் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. தனிநபர் கடனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பணம் உன் கணக்குக்கு வந்தது, பிறகு யாருக்குப் போனால் எங்களுக்கு என்ன என்றார்கள். கடைசியில் அவன் ஸ்டேஷனில் "இந்தக் கடனை அக்காவுக்குத் தெரியாமல் நான் வாங்கினேன்" என்று எழுதிக் கொடுத்து, சித்தியின் வளையலை விற்று, தன் கணக்கிலிருந்து நேராக நிறுவனத்துக்கு முழுத் தொகையும் கட்டினான். வழக்காகப் போகவில்லை.

இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். குறைத்துக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் ஆசை காட்டும். அப்படி முடித்தால் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும், அடுத்து கடன் கொடுக்கப் போகிறவர் அதைப் பார்த்தால் இவர் முழுசாகக் கட்டாதவர் என்றுதான் எடுத்துக்கொள்வார். "குளோஸ்டு" என்று வர வேண்டும். பாக்கியில்லைச் சான்றும் கையில் வர வேண்டும்.

12 மார்ச்

திருத்தம் கேட்டும் அறிக்கையில் மாறவில்லையா? 2024 ஏப்ரல் 26 முதல், புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. என் காலத்தில் இது இல்லை, இருந்திருந்தால் அந்தக் காசில் டிஸ்பிளே மாற்றியிருப்பேன். அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் எழுதலாம், கட்டணம் இல்லை. சிபில் போன்ற நிறுவனங்கள்மீதும் 2022 செப்டம்பரிலிருந்து அங்கே புகார் செய்ய முடிகிறது.

30 மார்ச்

ஒரு பெண் எழுதியிருந்ததைப் படித்த பிறகு நான் மேலே இத்தனை உறுதியாகப் பேசியது கொஞ்சம் உறுத்துகிறது. அவர் பெயரில் குழுக் கடன் எடுத்தது கணவர். கையெழுத்தும் இவருடையது, கைரேகையும் இவருடையது, "இங்க வை" என்றபோது வைத்திருக்கிறார். புகார் கொடுத்தால் இரவு எங்கே தூங்குவது என்று கேட்கிறார். எனக்குச் சொந்தச் சம்பளமும் சொந்த வீடும் இருந்தன, எதிரில் நின்றவன் எனக்குச் சிறியவன். தவணை கட்டாதே, ஸ்டேஷனுக்குப் போ என்று அவரிடம் என்னால் சொல்ல முடியாது. அம்மா, முதலில் 181க்குப் பேசுங்கள், பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். கடனைப் பற்றி அப்புறம் பார்ப்போம். அறிக்கைகளை மட்டும் எடுத்து, உங்கள் அம்மா வீட்டில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

18 ஏப்ரல்

"தம்பியோடு பேசுகிறீர்களா?" பேசுகிறேன், ஆனால் பழைய மாதிரி இல்லை. போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அவன் பந்தி பரிமாறிக்கொண்டு வந்தான், என் இலைக்கு வந்ததும் சொந்தக்காரக் கூட்டம் முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ரசம் ஊற்றினான், குடித்தேன். அதற்குமேல் என்ன எதிர்பார்த்தார்கள் என்று தெரியவில்லை. போன் மட்டும் அவனிடம் கொடுப்பதில்லை, போட்டோ எடுக்கக்கூட.

2 ஜூன்

கேள்வி கேட்டவரிடமிருந்து தகவல். மாமா முதலில் மறுத்திருக்கிறார், ஸ்டேட்மெண்ட் பக்கத்தைக் காட்டியதும் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதைவிட, அக்காவே கூட வந்து "நீ புகார் குடு" என்றாராம். யாருக்கு அசிங்கம் என்று இவ்வளவு நாள் பயந்தார்களோ, அவருக்கு வேறு இரண்டு கடன் ஏற்கெனவே தெரியுமாம். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை என்கிறார்.

3 ஜூன்

பழைய எண்ணை ஆதாரிலிருந்து மாற்றுவது எப்படி என்று நிறையப் பேர். சேவை மையத்துக்கு நேரில் போனால் சிறு கட்டணத்தில் மாற்றலாம். தபால்காரரே வீட்டுக்கு வந்தும் மாற்றித் தருகிறார், போஸ்ட் ஆபீசில் சொல்லி வையுங்கள், வயதானவர்களுக்கு இதுதான் வசதி. எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்று கடைசி ஆறு மாத விவரமும் வரும். பிரதி கொடுக்கும் இடங்களில் முதல் எட்டு எண் மறைந்த ஆதாரைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் "இது செல்லாது" என்பார், அவர் அப்படித்தான், செல்லும்.

அப்புறம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் பெயரில் 9 வரை வைத்துக்கொள்ளலாம். உங்களுடையது இல்லாததை "என் எண் இல்லை" என்று அங்கேயே குறித்துவிடலாம். நேற்று அப்பாவுக்குப் பார்த்தேன், ஏழு. மூன்று வீட்டில் இருக்கிறது. ஒன்று மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கிறதாம், தோட்டத்துக்குப் போகாமலே தண்ணீர் பாய்ச்ச. மற்ற மூன்றைப் பற்றிக் கேட்டால் "எவனாவது கேட்டிருப்பான், குடுத்திருப்பேன்" என்கிறார். இன்று சாயங்காலம் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறோம், யார் எடுக்கிறார்கள் என்று.